அண்ணனுக்குப் போட்ட துண்டு

ஓடிய படத்துக்கு ஊரே ரசிகன். ஓடாத படத்துக்கு எவன் ரசிகனோ அவன்தான் உண்மையான ரசிகன். இந்தக் கணக்கில் பார்த்தால் நடிகர் கதிர்வேந்தனுக்குக் கடலூர் மாவட்டத்தில் என்னைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. வந்த வேகத்தில் தியேட்டரைவிட்டுத் தூக்கிய படங்களைக்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை. கிளைமாக்ஸை இயக்குநர் கெடுத்தார், பொங்கலுக்கு விட வேண்டிய படத்தைப் பரீட்சை நேரத்தில் விட்டு விநியோகஸ்தர் கெடுத்தார் என்று யார் தலையிலாவது பழியைப் போட்டு அவரைக் கரையேற்றிவிடுவேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் இளவரசி. வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் புவனகிரி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காததும் வலிக்கத்தான் செய்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சொன்னவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வளைக்குள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கதிர்வேந்தனை எனக்குப் பிடித்துப்போன கதை ரொம்பச் சாதாரணம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், பகலில் கண்ணயர இடமில்லாமல் பக்கத்தில் இருந்த தியேட்டருக்குள் நுழைந்தேன். ஏசிக்காகப் போனவள். படத்தில் கதாநாயகன் பஞ்சாயத்தில் அவமானப்பட்டு வெளியே வருகிறான். வேறு நடிகராக இருந்தால் மழையில் நின்று அழுதிருப்பார், இல்லாவிட்டால் நாலு பேரை அடித்திருப்பார். இவர் ஓர் ஓட்டலுக்குள் போய், மூலை மேசையில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், யாரையும் பார்க்காமல், ரசத்துக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தனியாகச் சாப்பிடுவதை ஒருவர் அவ்வளவு மரியாதையாகச் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் நான் அடுப்படியில் நின்றுகொண்டு பாத்திரத்திலிருந்தே அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத் தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவர் என் ஆள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்கேன் சென்டரில் சொன்னால் இந்த வயதில் நடிகர் பைத்தியமா என்று சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அப்போது வந்து வாய்த்தான் செம்பியன். செம்பியன் என் கூடப்பிறந்த தம்பி. ஓமனுக்கு வேலைக்குப் போகும்போது பழைய போனையும் சிம்மையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அதில் அவனுடைய பேஸ்புக் கணக்கு திறந்தபடியே கிடந்தது. அவனுக்குச் சினிமாவே ஆகாது. ஒருநாள் எவனோ ஒருத்தன், கதிர்வேந்தனுக்கு முகத்தில் ஒரே பாவம்தான் வரும் என்று எழுதியிருந்தான். வந்ததே எனக்குக் கோபம். அந்த ஒரே பாவத்துக்குள் எத்தனை பாவம் இருக்கிறது என்று காட்சி காட்சியாக எடுத்து எழுதிப் போட்டேன். யாருடைய கணக்கு என்ற ஞாபகமே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால், ‘மாஸ் அண்ணே’, ‘அண்ணன் சொல்லிட்டா அப்பீலே இல்ல’ என்று வரிசை கட்டி நிற்கிறார்கள்.

அந்த ‘அண்ணே’ எனக்கு இனித்தது. என்னை மேடம் என்பார்கள், ‘ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்’ என்பார்கள். நான் சொன்னதற்கு அப்பீல் இல்லை என்று வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை. இதையே இளவரசி என்ற பெயரில் எழுதியிருந்தால் முதல் ஆள் ‘ஹாய்’ என்று வந்திருப்பான். அடுத்தவன் ‘சாப்டீங்களா’ என்று வந்திருப்பான். கதிர்வேந்தனைப் பற்றிப் பேச ஒருவனும் வந்திருக்கமாட்டான். அதனால் நான் செம்பியனாகவே இருந்துவிட்டேன். தம்பியிடம் சொன்னபோது, என்னவோ பண்ணித் தொலை என்றான்.

சிதம்பரம் நகர ரசிகர் மன்றத்துப் பையன்கள் என்னை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். எல்லாருக்கும் முகப்புப் படம் கதிர்வேந்தன்தான், எனக்கும் அவர்தான். போன் செய்தால் எடுக்கமாட்டேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, உள்ளே போன் விடமாட்டார்கள், வீட்டுக்கு வந்தால் தூக்கம் என்று சொல்லிவைத்திருந்தேன். எழுத்தில் மட்டும் எப்போதும் இருந்தேன். படம் ஓடாதபோது அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். எதிர்க்கட்சி நடிகரின் பையன்களிடம் வம்புக்குப் போகாமல் அடக்கிவைத்தேன். மன்றத் தலைவன் ராஜவேல், சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன், எதற்கெடுத்தாலும் அண்ணனைக் கேட்காமல் செய்யமாட்டான்.

ஒருநாள் ராஜவேல் தனியாகச் செய்தி அனுப்பினான். அவன் மனைவி சத்யப்பிரியா சண்டை போட்டுக்கொண்டு காட்டுமன்னார்கோயிலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள், பெரிய மனுஷர்களை வைத்துப் பேசலாமா என்று கேட்டான். பெரிய மனுஷன் ஒருத்தனும் வேண்டாம், பூ ஸ்வீட் எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே, வெறுங்கையோடு போய் அவள் போடுகிற சோற்றைச் சாப்பிடு, நியாயம் பேசாதே, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சும்மா உட்கார் என்று எழுதினேன். அப்படியே செய்தான். அவள் வந்துவிட்டாள். இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஆம்பளை மனசு ஆம்பளைக்குத்தான் புரியும் அண்ணே என்று எழுதினான். நான் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன்.

இந்த வருடம் கதிர்வேந்தன் அறிவித்துவிட்டார். வரப்போகிற படம்தான் கடைசிப் படம், இனி நடிப்பதில்லை என்று. அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் ஒரே பெயரை இரண்டு முறை கூப்பிட்டேன், ஒரு பெயரைக் கூப்பிடாமலே விட்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நான் அவர் படத்தை முதல் நாள் முதல் காட்சி பார்த்ததே இல்லை. கூட்டம் ஓய்ந்தபின் குடும்பப் பெண்களோடு மேட்னிக்குப் போய், அவர் திரையில் நடந்து வரும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் ஆட்கள் நடுவில் உட்கார்ந்து, அவர் முகம் காட்டுகிற அந்த நிமிடத்தில் ஒரு விசில் அடிக்க வேண்டும். எனக்கு விசில் நன்றாகவே வரும். சின்ன வயதில் வெள்ளாற்று மணலில் தம்பியோடு சேர்ந்து கற்றுக்கொண்டது. இரண்டு விரலை மடித்து நாக்குக்கடியில் கொடுத்தால் அக்கரையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். பொம்பளை விசில் அடித்தால் வீடு விளங்காது என்று அம்மா திட்டுவாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தேன். இன்னும் வந்தது.

ராஜவேல் குழுவில் எழுதிவிட்டான். முதல் காட்சி முழுவதையும் மன்றமே எடுத்திருக்கிறது, சீட் நம்பர் கிடையாது, நடு வரிசையில் செம்பியன் அண்ணனுக்குத் துண்டு போட்டு வைத்திருப்போம், இந்தத் தடவை வராவிட்டால் எங்கள் மூஞ்சியில் முழிக்காதீங்க என்று. நான் ‘வரேன்’ என்று எழுதினேன். நனைந்தபின் முக்காடு எதற்கு? நேரில் போய், நான்தான் செம்பியன் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். முதலில் திகைப்பான். பிறகு சிரிப்பான். பிறகு, ‘அட வாங்க, உக்காருங்க’ என்பான். என் கற்பனையில் இது இவ்வளவு சுலபமாக நடந்தது.

காட்சி காலை ஒன்பது மணிக்கு. விடிந்தும் விடியாமலும் கடலூரில் பஸ் ஏறினேன். சிப்காட் நாற்றம் வந்தபோது எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

சிதம்பரத்தில் தியேட்டர் வாசலைப் பார்த்ததும் கண் கலங்கியது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றித் தரையெல்லாம் வெள்ளை. தாரை தப்பட்டை, கற்பூரப் புகை, எல்லாரும் ஒரே பனியன். அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கடன், யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் எல்லாம் தெரியும். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. கேட்டில் நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தவன் ராஜவேல். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டு, இது மன்றத்துக் காட்சி, கூட்டம் ஜாஸ்தி, பசங்க ஒரு மாதிரி இருப்பாங்க, நாளைக்குக் குடும்பத்தோட வாங்க என்றான்.

“தம்பி ராஜவேல்,” என்றேன். “செம்பியன்…”

அவன் முகம் மலர்ந்ததை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். என் முகத்தைப் பார்த்து அப்படி யாரும் மலர்ந்ததில்லை. அவனும் என் முகத்தைப் பார்த்து மலரவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பின்னால் தேடினான்.

“அண்ணன் வந்துட்டாரா? எங்கக்கா? வண்டிய ஸ்டாண்டுல உடுறாரா?”

நான்தான் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அந்த முகம் என்னவாகும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவன் கேட்டான்: “நீங்க அண்ணனுக்கு…?”

“அக்கா,” என்றேன்.

பொய்யும் இல்லை. செம்பியனுக்கு நான் அக்காதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நானேதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அண்ணன் வரவில்லையா என்று கேட்டான். ஷிஃப்ட் மாற்றமாட்டேன் என்றுவிட்டார்கள், என்னையாவது போகச் சொன்னான் என்றேன். ராஜவேல் ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு ஏமாற்றம். பிறகு நிமிர்ந்து, டேய், செம்பியன் அண்ணனோட அக்காடா, வழி விடுங்கடா என்று கத்தினான்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். மடித்துக் கட்டியிருந்த கைலிகள் இறங்கின. நடு வரிசையின் நடு நாற்காலியில் சிவப்புக் கரை போட்ட துண்டு விரித்திருந்தது. ராஜவேல் அந்தத் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரவைத்தான். எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியும் வலப்பக்கம் ஒரு நாற்காலியும் காலியாக விடச் சொன்னான். அக்காவை யாரும் இடிக்கக்கூடாதாம். தண்ணீர் பாட்டில் வந்தது. அண்ணனுக்கென்று அடித்துவைத்த பனியனையும் கொண்டுவந்து கொடுத்தான். டபுள் எக்ஸ்எல். அண்ணன் நல்ல வாட்டசாட்டமான ஆளாக இருப்பார் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் ராஜவேல் நடைவழியில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டான். அவன் செய்வான் என்று தெரிந்து சத்தத்தை அணைத்துவைத்திருந்தேன். மடியில் இருந்த கைப்பைக்குள் போன் துடித்தது. அவன் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான், நான் பையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“எடுக்க மாட்டேங்குறாருக்கா.”

“அவன்கிட்ட அப்படி என்னத்தப் பாத்தீங்க தம்பி? நேர்ல ஒரு தடவைகூட பாக்கல,” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ராஜவேல் கிட்டே வந்து, எனக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “எங்கப்பா என்கிட்ட உக்காந்து பேசனதே கெடையாதுக்கா. சொந்தக்காரன்னா வந்தா அட்வைஸு, போனா கேலி. அண்ணன் மட்டுந்தான் நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்புறம் பதில் போடுவாரு. எங்க வீட்ல வெளக்கு எரியுதுன்னா அது அவுரு போட்டது. ஒரு தடவ நேர்ல பாத்து கட்டிப்புடிச்சிக்கணும், அவ்ளோதான்.”

இவ்வளவு பிரியத்தை எனக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அது முழுக்க எனக்கானது. அதில் ஒரு பருக்கைகூட என் தட்டில் விழவில்லை. எனக்கு என் தம்பி மேல், இல்லாத அந்த டபுள் எக்ஸ்எல் ஆள் மேல், வயிறெரிந்தது. நீங்கள் நம்பினால் நம்புங்கள், என்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

விளக்கு அணைந்தது. திரையில் பெயர் வந்ததும் தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போனது. முன்னால் காகிதம் பறக்கிறது, பின்னால் நாற்காலி மேல் ஏறி ஆடுகிறார்கள். என்னைச் சுற்றி மட்டும் கோயில் பிரகாரம்போல அமைதி. ஒருத்தன் வாயெடுத்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்லப் போக, ராஜவேல் திரும்பி, “டேய், அக்கா இருக்காங்க,” என்றான். அந்த வரிசையே அடங்கிப்போனது. கடைசிப் படத்தின் முதல் காட்சியில் அந்தப் பையன்கள் எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தூசி பறக்க ஒரு கதவு திறந்தது. முதலில் செருப்பு, பிறகு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த அந்த நிழல். அவர் நடை. ஆனது ஆகட்டும் என்று இரண்டு விரலை மடித்து வாயில் வைத்துவிட்டேன்.

ராஜவேல் பாய்ந்து வந்தான். “இன்னாக்கா, வாந்தி வருதா? கற்பூரப் பொகை ஒத்துக்கலையா?” என்று கேட்டுப் பாட்டிலைத் திறந்து நீட்டினான். பின்னாலிருந்து ஒருவன் அட்டையால் விசிற ஆரம்பித்தான். நான் விரலை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்குள் கதிர்வேந்தன் முகம் காட்டி முடித்து வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் காபியும் பப்ஸும் வந்தன. போர் அடித்தால் சொல்லுங்கள், ஆட்டோ வைத்து பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றான் ராஜவேல். பரவாயில்லை தம்பி என்றேன். படம் எப்படி என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த இயக்குநர் அவருடைய மௌனத்தை எவ்வளவு சரியாகப் பயன்படுத்தியிருந்தார் என்று என்னால் ஒரு மணி நேரம் பேசியிருக்க முடியும்.

கடைசியில் அவர் திரையிலிருந்து நேராக எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். படத்தில் அந்தக் கும்பிடு வேறு யாருக்கோதான். ஆனால் எங்களுக்கு என்று எங்களுக்குத் தெரியும். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாய்ந்துகொள்ள இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு நாற்காலியும் காலி. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். பழகிய வேலைதான், அடக்குவது எனக்கு நன்றாக வரும்.

ராஜவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, என்னைப் பஸ் ஸ்டாண்டுவரை கூட்டிக்கொண்டு போய், ஜன்னலோர சீட்டாகப் பிடித்துக் கொடுத்து, பஸ் கிளம்பும்வரை வெயிலில் நின்றான். நல்ல பையன். கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது பைக்குள் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். ராஜவேல் அண்ணனுக்கு எழுதியிருந்தான்:

“அண்ணே, அக்காவ பத்தரமா பஸ் ஏத்தி உட்டுட்டேன். பாவம்ணே அவுங்க. இந்தப் படம் கிடம்லாம் அவுங்களுக்குப் புடிக்காது போல, கடைசி வரைக்கும் அசையாம உக்காந்திருந்தாங்க. உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டாங்க. நாங்கல்லாம் அழுவும்போது உங்க சீட்டத்தான் பாத்தேன். நீங்க அதுல இருந்திருந்தா உங்களக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்ணே.”

பஸ்ஸில் பாட்டுச் சத்தம். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் என் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். நான்தான் அந்த சீட்டில் இருந்தேன் என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். அவன் வீட்டு விளக்கு ஞாபகம் வந்தது. அதையும் அழித்தேன்.

“ஆமா தம்பி. அவளுக்கு சினிமான்னா ஒண்ணும் தெரியாது. பாத்து கூட்டிட்டுப் போயி உக்கார வச்சதுக்கு சந்தோஷம்,” என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. “அக்காவ கேட்டதா சொல்லுங்கண்ணே.”

“சொல்றேன்,” என்று அனுப்பினேன்.